தேங்காய் எண்ணுகிறவர் சுற்று எண்ணிய நாள்

சுற்று எண்ணும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் உங்கள் பெயர் பத்திரிகையில் வராது. வந்தால் ஏதோ கோளாறு நடந்திருக்கிறது என்று அர்த்தம். என் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது. அதையும் எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள். அந்தப் பிழையைச் செய்த புண்ணியவானை நான் இன்றுவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

சம்பளத்துக்கு நான் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். கிறுக்குக்குச் சைக்கிள் தள நடுவர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் நம் சிமெண்ட் தளம் உங்களுக்குத் தெரியும். மூன்று சுற்றுப் போனால் ஒரு கிலோமீட்டர். ஓட்டுகிறவர் கோட்டைத் தாண்டினால் தாளில் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து ஒரே ஆளை ஒரே கோட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன இருக்கிறது என்று தெரியும். ஐம்பது சுற்று வரைக்கும் நீங்கள் அரசர். நூறைத் தாண்டினால் இப்போது போன சுற்றுக்குக் கோடு போட்டோமா, அதற்கு முந்தைய சுற்றுக்குப் போட்டோமா என்று உங்கள் கையையே சந்தேகமாகப் பார்ப்பீர்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த தலைமை நடுவர் அதிகம் பேசமாட்டார். ஆரம்பத்தில் ஒரு பந்தயத்தில் கடைசிச் சுற்று மணியை நான் ஒரு சுற்று முன்னதாகவே அடித்துவிட்டேன். முன்னால் வந்த பையன் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கி, தளத்தை விட்டு இறங்கி, அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது மற்றவர்கள் இன்னொரு சுற்று ஓட்டி ஜெயித்துவிட்டுப் போனார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. மணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஒரு குடையைக் கொடுத்தார். அடுத்த இரண்டு வருஷம் நான் அவருக்குக் குடை பிடித்தேன். மணியை அடிப்பதற்கு முன் இரண்டு தாளையும் பார்க்க வேண்டும் என்பது அப்படித்தான் என் மண்டையில் ஏறியது.

ஆனால் நான் சொல்ல வந்தது மணிக் கதை இல்லை. நானே தலைமை நடுவராகி, என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நாளின் கதை.

பொழியூரிலிருந்து ஜெஸி என்று ஒரு பெண். அப்பா சில்வஸ்டர் கடலுக்குப் போகிறவர். பெண்களுக்கான பன்னிரண்டு மணி நேர மாநில சாதனையை முறியடிக்க அனுமதி கேட்டிருந்தாள். ஏற்கெனவே இருந்த சாதனை சரியாக ஆயிரம் சுற்று. ஆயிரத்தொன்று ஓட்டினால் சாதனை இவளுடையது. சாதனை இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு எழுதிப் போடலாம். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அனுமதி கிடைத்தது ஒரே ஒரு நாளுக்கு. அதை மேற்பார்வையிட வடக்கேயிருந்து ஒரு அம்மா வந்து நெய்யாற்றின்கரையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள்: நாளை ஹர்த்தால். நம் ஊரில் மழைக்குக்கூட முன்னறிவிப்பு பொய்க்கும், ஹர்த்தாலுக்குப் பொய்க்காது. கொல்லத்திலிருந்து வர வேண்டிய இரண்டு சுற்று நடுவர்களும் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சுற்று எண்ணும் மின்னணு இயந்திரமும் அவர்கள் ஜீப்பில்தான் வருவதாக இருந்தது. ஆக, இயந்திரமும் ஹர்த்தாலில் சேர்ந்துகொண்டது.

சட்டப்படி இயந்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேர் தனித்தனித் தாளில் எண்ணினால் போதும். ஒன்று நான். இன்னொருவருக்கு எங்கே போவது? அப்போதுதான் எனக்குத் தங்கப்பன் அண்ணன் ஞாபகம் வந்தது. உதியன்குளங்கரையில் ஒரு தேங்காய்க் கிட்டங்கியில் நாற்பது வருஷமாகத் தேங்காய் எண்ணுகிறவர். ஒற்றசேகரமங்கலம் பக்கத்திலிருந்து லாரி லாரியாக இறங்கும் காய் அவர் கை வழியாகத்தான் போகும். பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் எண்ணிக்கை தவறாத மனிதர். இதைவிடப் பொருத்தமான ஆள் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை மெச்சி எனக்கு நானே ஒரு டீ கூடப் போட்டுக் குடித்தேன்.

தங்கப்பன் அண்ணனுக்கும் மறுநாள் கிட்டங்கி கிடையாது, சும்மாதான் இருந்தார். உடனே சம்மதித்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாரே, காயி உருண்டு வருமா, ஆளு சுமந்து கொண்டு வருமா?"

ஒரு பெண் சைக்கிளில் வருவாள், நம் முன்னால் இருக்கும் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று என்று விளக்கினேன். அப்போ ஒரு நேரத்துக்கு ஒரு காயி தானே, எளுப்பமாக்கும் என்றார்.

காலை ஆறு மணிக்கு ஜெஸி கிளம்பினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தங்கப்பன் அண்ணன். தளத்துக்கு உள்ளே மேஜை போட்டு மேற்பார்வை அம்மா. எண்ணும்போது ஒருவரோடொருவர் பேசக்கூடாது, மணிக்கு ஒரு தடவை தாள்களை ஒப்பிட்டுப் பலகையில் எண்ணிக்கையை மாற்ற வேண்டும், இடையில் சுற்றுக்குச் சுற்று பலகை எண்ணை மாற்றுவது இரண்டாம் எண்ணிக்கையாளரின் கணக்குப்படி என்று ஏற்பாடு.

வழக்கமாக இம்மாதிரி முயற்சிக்குப் பார்வையாளர்கள் என்று நான்கு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் உறவினர்கள். அன்றைக்குக் கடை இல்லை, பஸ் இல்லை, வேலை இல்லை. ஒன்பது மணிக்கெல்லாம் படிக்கட்டு நிறைந்துவிட்டது. ஹர்த்தாலை நடத்த வந்த பையன்களும் கொடியோடு வந்து உட்கார்ந்தார்கள். சைக்கிளுக்குத் தடை இல்லை என்று அவர்களில் மூத்தவன் எனக்கு அதிகாரபூர்வமாகத் தெரிவித்தான். பத்து மணிக்கு அவர்கள் ஜெஸிக்குக் கோஷம் போட ஆரம்பித்தார்கள். கோஷத்தில் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள், மற்றதெல்லாம் பழையதுதான்.

சில்வஸ்டருக்கு மகளுக்குத் தண்ணீரும் கஞ்சியும் நீட்டும் வேலை. வளைவில் நின்றுகொண்டு, படகைக் கரைக்கு ஏற்றுவதுபோல, அமரம் திருப்பு, இறுக்கிப் பிடி என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விழுந்திருப்பாள்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், என் வண்டவாளம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் மணி நேரம் இரண்டு தாளும் ஒன்றுபோல இருந்தன. எண்பத்து மூன்று. இரண்டாம் மணி முடிவில் என் தாளில் நூற்று அறுபத்தேழு, அவர் கணக்குப்படி மாறும் பலகையில் நூற்று அறுபத்தாறு. நடுவில் மேற்பார்வை அம்மா என்னிடம் குடிதண்ணீர் எங்கே என்று கேட்டிருந்தார், நான் திரும்பிப் பதில் சொன்னேன். அப்போது ஒரு கோடு கூடுதலாகப் போட்டிருப்பேன் என்று முடிவு செய்தேன். எதிரே உட்கார்ந்திருப்பது நாற்பது வருஷத்துத் தங்கப்பன் அண்ணன் ஆயிற்றே. தாளை ஒப்பிடக் கொடுப்பதற்கு முன் பென்சில் முனையிலிருந்த ரப்பரால் ஒரு கோட்டை அழித்தேன். இரண்டு தாளும் சரியாகிவிட்டன. யாருக்கும் சொல்லவில்லை. தலைமை நடுவர் இரண்டாம் மணி நேரத்திலேயே கோட்டை விட்டார் என்று யாருக்குத் தெரிய வேண்டும்?

மூன்றாம் மணி முடிவில் மறுபடியும் எனக்கு ஒன்று அதிகம். அழித்தேன். நான்காவதில் ஒன்று அதிகம். அழித்தேன். ஐந்தாவதிலும் அப்படியே. ஆறாவதில் சரியாக இருந்தது. அப்பாடா, கண் தெளிந்துவிட்டது என்று மோர் வாங்கிக் குடித்தேன். ஏழாவதில் மீண்டும் ஒன்று அதிகம். சர்க்கரை வியாதி கண்ணைத் தாக்கும் என்று காரக்கோணத்தில் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அழித்தேன். இப்படிப் பதினோரு மணி நேரத்தில் ஒன்பது தடவை அழித்திருக்கிறேன்.

இப்போது யோசித்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. களைத்துப்போனவன் ஒரு நேரம் கூட எண்ணுவான், ஒரு நேரம் குறைத்து எண்ணுவான். ஒன்பது தடவையும் ஒரே பக்கம், ஒன்பது தடவையும் ஒன்றே ஒன்று தப்பினால் அது களைப்பு இல்லை, வேறு ஏதோ காரணம் இருக்கிறது. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும். நான் கண் டாக்டரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தரை மணி. இன்னும் அரை மணி நேரம். பலகையில் தொள்ளாயிரத்து ஐம்பது. அரை மணியில் இன்னும் ஐம்பத்தொரு சுற்று வேண்டும். அவள் நாள் முழுக்க ஓட்டிய வேகத்தில் நாற்பத்திரண்டு போகும், அதற்கு மேல் உயிரைக் கொடுத்தாலும் முடியாது. ஜெஸி பலகையைப் பார்த்தாள். கணக்குப் போட்டுவிட்டாள் என்பது அவள் தோள் இறங்கியதிலேயே தெரிந்தது. கால் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. படிக்கட்டில் கோஷம் நின்றுவிட்டது. என் மகள் வயதுதான் அவளுக்கு.

பார்க்க மாட்டாமல் கண்ணைக் கீழே தாழ்த்தினேன். தங்கப்பன் அண்ணன் காலடியில் சிமெண்ட் விளிம்பில் வரிசையாகச் சின்னக் கற்கள். மத்தியானமே பார்த்திருந்தேன், பொழுது போகாமல் விளையாடுகிறார் என்று விட்டுவிட்டேன். இப்போது எண்ணினேன். ஒன்பது.

விதியை மீறி வாயைத் திறந்து, அது என்ன கல் என்று கேட்டேன்.

"அது எண்ணக் காயாக்கும் சாரே. நூறு தெகஞ்சா அடுத்த காய எண்ணப்பிடாது, ஓரமா மாற்றி வைக்கணும். எத்தன நூறு ஆச்சுண்ணு பொறவு தெரியண்டாமா?"

"அடுத்தத எண்ண மாட்டீரா?"

"எண்ணினா அது எப்பிடி எண்ணக் காய் ஆவும்?"

கிட்டங்கியில் அதுதான் வழக்கம். நூறு காய் எண்ணி முடித்ததும் நூற்றொன்றாவது காய் எண்ணிக்கையில் சேராது, அடையாளமாக ஓரத்துக்குப் போகும். கடைசியில் ஓரத்துக் காய்களை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரியும், பிறகு அந்தக் காய்களையும் கூட்டிக்கொள்வார்கள். சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைக்க முடியாது என்பதால் ஒரு கல்லை வைத்து, அந்தச் சுற்றை அவர் மரியாதையாகப் போகவிட்டிருக்கிறார். ஒன்பது நூறுக்கு ஒன்பது சுற்று. கடைசியில் கூட்டிச் சொல்வதாகத்தான் இருந்தாராம். என் ஒன்பது கோடுகளும் சரி. சரியான ஒன்பதையும் நானே அழித்திருக்கிறேன்.

தங்கப்பன் அண்ணனிடம் தொடர்ந்து கோடு போடச் சொல்லிவிட்டு மேற்பார்வை அம்மாவிடம் ஓடினேன். பதற்றத்தில் கோக்கனட் என்றுதான் முதலில் வாயில் வந்தது. இளநீர் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, வேண்டாம், நன்றி என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டி விளக்கினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். இரண்டு தாளிலும் குறைந்த எண்ணிக்கை இருக்கிறது, கல்லைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, உங்கள் தாளில் வேறு எண்ணிக்கை இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

ஆதாரம் ரப்பர்தான். தாளை எடுத்து மேற்கே சாய்ந்துகொண்டிருந்த வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவன். அழித்த ஒன்பது கோட்டின் பள்ளமும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர் வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார். எண்ணினார். இவ்வளவையும் ஒரு தலைமை நடுவரா அழித்தார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் நேரம் முடிவதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், முடிந்தபிறகு எழுதினால் செல்லாது என்றார். ஏன் அழித்தீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அங்கே நான் தயங்கினேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு பத்து நொடி தயங்கினேன். எழுதினால் என் தலைமை நடுவர் பதவி அதோடு சரி. இருபத்தாறு வருஷம். எழுதாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, ஹர்த்தால் மேல் பழியைப் போட்டுவிடலாம், ஹர்த்தால் தாங்கும். அந்தப் பத்து நொடியில் ஜெஸி என் முன்னால் கோட்டைத் தாண்டினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகையைக்கூடப் பார்க்கவில்லை.

எழுதினேன். "ஒன்பது இடத்தில் என் சரியான கணக்கை நானே அழித்தேன். என் கண்ணைவிட அடுத்தவர் பெயரை அதிகம் நம்பியதால் அழித்தேன். அதை யாருக்கும் சொல்லாமல் மறைத்தேன்." கடைசி வரியை அந்த அம்மா கேட்கவில்லை. அது தானாக வந்து விழுந்தது.

அதற்குள் சில்வஸ்டர் வந்துவிட்டார். நாங்கள் மகளுக்காகக் கணக்கில் ஏதோ செய்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு என் முகத்துக்கு நேரே பேசினார்.

"சாரே, ஓசிச் சுற்று எங்களுக்கு வேண்டாம். தோற்றா தோற்றுட்டுப் போவட்டு. நாளைக்கு ஒருத்தன் எனக்க மோள கள்ளியிண்ணு சொல்லப்பிடாது."

நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவர் கண் கற்கள் மேல் விழுந்தது. கல்லைப் பார்த்தார், தங்கப்பன் அண்ணனைப் பார்த்தார், அவர் தோளில் கிடந்த கிட்டங்கித் துண்டைப் பார்த்தார். மேற்பார்வை அம்மாவுக்கு நான் ஐந்து நிமிடம் விளக்கியது இவருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. காய் எண்ணுகிற ஆளையா கொண்டுவந்து இருத்தினீரு என்று என்னிடம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, மகளிடம் சொல்ல வளைவைப் பார்த்து ஓடினார்.

தங்கப்பன் அண்ணன் இவ்வளவுக்கும் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு சுற்றும் தவறவிடவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அவள் ஆறு சுற்று போயிருந்தாள், பேச்சுக்கு நடுவே நான் விரல் மடக்கி எண்ணியதும் அதுவேதான். மேற்பார்வை அம்மா நான் எழுதியதை ஏற்றுக்கொண்டதும், பலகையில் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு என்று இருந்ததை மாற்றித் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து என்று வைத்தோம். மிச்சம் இருபத்தைந்து நிமிடம், முப்பத்தாறு சுற்று. நாள் முழுக்க ஓட்டிய வேகத்தைவிட ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ கூட வேண்டும். பதினொன்றரை மணி நேரம் ஓட்டிய காலுக்கு.

பலகை ஒரேயடியாக ஒன்பது குதித்ததும் படிக்கட்டில் சலசலப்பு. கள்ள வோட்டு என்று கொடிப் பையன்களில் ஒருவன் சொன்னது எனக்கே கேட்டது. அந்த விஷயத்தில் அவர்களுக்கு அனுபவம் உண்டு. ஆனால் ஜெஸி தலையை நிமிர்த்தாமல் கைப்பிடியைக் கீழே மாற்றிப் பிடித்ததைப் பார்த்ததும் அவர்களுக்கும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. சில்வஸ்டர் வளைவுக்கு வளைவு கூட ஓடினார். இந்தத் தடவை கத்தவில்லை. வாய்விட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஓடினார். நான் ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டு எண்ணினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எண்ணியதே இல்லை.

ஆயிரமாவது சுற்றுக்கு அவள் கோட்டைத் தாண்டியபோது முப்பத்தெட்டு நொடி மிச்சம் இருந்தது. ஒரு சுற்றுக்கு அவளுக்கு அன்றைக்கு நாற்பதுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்றில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். கடைசி நேர்கோட்டில் முன் சக்கரம் ஆடியது. நேரம் முடிந்ததற்கான விசில் ஊதும்போது அவள் எனக்கும் தங்கப்பன் அண்ணனுக்கும் நடுவில் இருந்தாள். மேற்பார்வை அம்மா எங்களை ஒன்றும் கேட்கவில்லை, தானே கோட்டின் மேல் நின்று பார்த்திருந்தார். சக்கரம் கோட்டைத் தாண்டியபின்தான் விசில் என்றார். எங்கள் இரண்டு தாளிலும் ஆயிரத்தொன்று.

நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தங்கப்பன் அண்ணன் ஒன்பது கல்லையும் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார். பத்தாவது நூறுக்கு ஏன் வைக்கவில்லை என்று அந்த நேரத்திலும் நான் கேட்டேன். நீரு அவ்வளவு வழக்குப் போட்ட பொறவு வைப்பனா என்றார்.

சாதனையை ஏற்றுக்கொண்டார்கள். ஜெஸிக்கு வேலையும் கிடைத்தது. எனக்கு ஒரு கடிதம் வந்தது, இனிமேல் நடுவர் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று. அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தபோது பெயரைப் பிழையாகப் போட்டிருந்ததால் அது நான்தான் என்று ஊருக்குத் தெரியவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கடிதம் வந்த வருத்தம் கொஞ்ச நாளில் பெருமையாக மாறிவிட்டது. பதவியை விட்டுக்கொடுத்து ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை கொடுத்தவன் அல்லவா நான். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், டீக்கடையில் எல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பத்து நொடித் தயக்கம் கதையிலிருந்து காணாமல் போயிற்று.

ஒரு நாள் உதியன்குளங்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காக்கி உடுப்பில் ஜெஸி வந்தாள். என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து நலம் விசாரித்தாள். என்னோடு இருந்தவரிடம் நான் பெருமையாக அறிமுகப்படுத்தினேன். இந்தப் பிள்ளைக்குத்தான் நான் ஒன்பது சுற்றுக் கொடுத்தேன் என்றேன்.

அவள் சிரித்தாள். கோபமே இல்லை. தம்ளரை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"சாரே, அந்த ஒம்பதும் நான் ஓட்டினதாக்கும். சாரு தரல்ல. சாரு அழிச்சாரு, பொறவு எழுதினாரு. அவ்வளவுதான்."

ஆமா மோளே என்றேன். அந்தப் பத்து நொடியை மறுபடியும் கதையில் சேர்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.